காலையில் மட்டும் சுருங்கும் அடுப்பு: கஞ்சிக்கோட்டில் ஒரு கேஸ் அழுத்தப் புகார்

புகார் இரண்டே வரி. “மேல் மாடி வீடு. காலையில் அடுப்புக்கு கேஸ் ஏறுவதில்லை, சாயங்காலம் பரவாயில்லை.”

வாளையாரிலிருந்து பாலக்காடு போகும் வழியில், கஞ்சிக்கோட்டில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது அந்தக் குடியிருப்பு. தரைத்தளம், மேலே இரண்டு தளம், தளத்துக்கு இரண்டு வீடு. ஆறு வீட்டுக்கும் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. சிலிண்டர் போய்க் குழாய் வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னோடு வந்தது கொழிஞ்சாம்பாறைப் பையன். ஐடிஐ முடித்துவிட்டு வேலை பழகிக்கொண்டிருக்கிறான். குழாய் கேஸ் கொடுக்கும் நிறுவனத்துக்காகப் புகார் பார்க்கப் போகிறவன் நான்; பயிற்சிக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அந்த வேலையில் ஒரு பகுதி. இந்தப் புகாரை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கேஸ் அழுத்தம் பற்றி ஒருவன் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் இந்த ஒரே வீட்டில் இருந்தது.

பெரியவர் எங்களை உட்காரக்கூட விடாமல் தன் முடிவைச் சொல்லிவிட்டார். “தண்ணியும் இப்படித்தானுங்க தம்பி. கீழ் வீட்டுக்காரங்க பைப்பைத் திறந்தா மேல சொட்டுதான் வரும். கேஸுக்கும் ஒரு சின்ன மோட்டார் வெச்சு இழுத்துக்கலாமுங்களா?”

பையன் சிரித்துவிட்டான். சிரிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. பம்பு வைத்து இழுத்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். எங்கேயாவது ஒரு பர்னர் திறந்திருந்தால் அது வழியாகக் காற்று குழாய்க்குள் வரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் பற்றிக்கொள்ளும். அந்தக் கலவை அறைக்குள் உருவாவதே ஆபத்து, குழாய்க்குள்ளேயே உருவானால் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் பேச்சே வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறந்தோம்.

மேல் மாடிக்கு கேஸ் ஏறாதா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெரியவர் மட்டும் இல்லை, கட்டடத்தில் எல்லோரும் இதைத்தான் நம்பினார்கள். பையனுக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது.

தண்ணீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு கனம். பத்து மீட்டர் மேலே ஏறினால் ஒரு பார் அழுத்தத்தை இழக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒரு பார், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, காற்றின் எடையில் கிட்டத்தட்ட 0.6 பங்குதான். அதனால் கேஸ் நிற்கும் குழாயில் மேலே போகப் போக, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட அழுத்தம் கொஞ்சம் கூடும். பத்து மீட்டருக்குச் சுமார் அரை மில்லிபார். மேல் மாடிக்காரருக்கு இதில் லாபம்தான், சின்ன லாபம். ஒரே பெரிய சிலிண்டர் கூட்டத்திலிருந்து குழாய் வழியாக எல்பிஜி கொடுக்கும் அடுக்குமாடிகளில் இது தலைகீழ். எல்பிஜி ஆவி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், மேலே போகப் போக அழுத்தம் இறங்கும். இரண்டையும் ‘கேஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பேசுகிறோம்.

இந்தக் கட்டடத்தில் அந்த அரை மில்லிபாருக்கும் வேலை இல்லை. காரணம், கேஸ் வீட்டுக்கு வரும் வழி.

கொச்சிக்கு அருகே புதுவைப்பில் 2013-ல் இயங்கத் தொடங்கிய முனையத்தில், சுமார் மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வருவது திரும்ப வாயுவாக்கப்படுகிறது. கூற்றநாட்டில் குழாய் பிரிகிறது. ஒன்று வடக்கே மங்களூருக்குப் போகிறது. கொச்சியிலிருந்து மங்களூர் வரை 450 கிலோமீட்டர், 2021 ஜனவரி 5-ல் திறந்துவைத்தார்கள். இன்னொரு கிளை கிழக்கே வாளையாரை நோக்கி வருகிறது. ஊர் விநியோகத்துக்கு வந்த பிறகு, எஃகுக் குழாயில் 49 பார் வரை இருக்கலாம். தெருவுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயில் 4 பார். கட்டடத்தின் அடியில் சுவரோரம் இருக்கும் சர்வீஸ் ரெகுலேட்டர் அதை 100 மில்லிபாருக்கு இறக்கும். அந்த 100 மில்லிபாரில்தான் மஞ்சள் பூசிய ஜிஐ குழாய், அதாவது துத்தநாக முலாம் போட்ட இரும்புக் குழாய், மாடி ஏறுகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மீட்டருக்கு முன்னால் இன்னொரு சின்ன ரெகுலேட்டர் இருக்கிறது. அது 100-ஐ 21 ஆக்குகிறது.

ஆக, மேலே ஏறும் குழாயில் ஐந்து பத்து மில்லிபார் கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்குள் தெரியாது. வாசல் ரெகுலேட்டர் அதை விழுங்கிவிடும், அதற்குத்தான் அது இருக்கிறது. தெருக் குழாயில் உண்மையாகவே தட்டுப்பாடு வந்தால் அடுப்பு சின்னதாக எரியாது. ரெகுலேட்டரில் உள்ள குறை அழுத்தத் தடுப்பு இறங்கி கேஸ் மொத்தமாக நின்றுவிடும். கையால் தூக்கிவிட்டால்தான் திரும்ப வரும். “கம்மியாக வருகிறது”, “வரவே இல்லை” இரண்டும் வேறு வேறு நோய். போனில் புகாரைக் கேட்கும்போதே இதைக் கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் அளவு

21 மில்லிபார் என்பது 21 சென்டிமீட்டர் சொச்சம் தண்ணீர், ஒரு சாண் உயரம். ஒரு மில்லிபாருக்கு 10.2 மில்லிமீட்டர் தண்ணீர் என்று மனதில் போட்டுக்கொண்டால் போதும். பையில் அழுத்தம் அளக்கும் டிஜிட்டல் மீட்டர் இருந்தும் பயிற்சிப் பையன்கள் கையில் நான் யூ குழாய் மானோமீட்டரைத்தான் கொடுப்பேன். ‘U’ போல வளைந்த குழாயில் தண்ணீர் ஊற்றி அழுத்தம் பார்க்கும் கருவி அது. டிஜிட்டல் ஒரு எண்ணைக் காட்டும். தண்ணீர் நடப்பதைக் காட்டும்: துடிக்கிறதா, மெல்ல இறங்குகிறதா, சட்டென்று விழுகிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதில் புதிதாக வருகிறவர்கள் செய்வது ஒன்று உண்டு, ஒரு பக்கக் குழாயை மட்டும் பார்த்து “107 இருக்குங்கண்ணா” என்பார்கள். ஒரு பக்கம் 107 ஏறினால் இன்னொரு பக்கம் 107 இறங்கியிருக்கும், இரண்டையும் கூட்டினால்தான் 214, அதாவது 21 மில்லிபார். பையன் சரியாகவே கூட்டினான்.

மீட்டர் வெளிவாயில், வீட்டில் எதுவும் எரியாதபோது 228 மில்லிமீட்டர், அதாவது 22.4 மில்லிபார். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “பிரஷர் நல்லாத்தான் இருக்குங்கண்ணா. கூடவே இருக்கு.”

அது கூடத்தான் இருக்கும். ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங். வீட்டுப் பக்கம் அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் சவ்வைத் தள்ளி வாயைத் திறக்கும். கூடினால் சவ்வு ஸ்பிரிங்கைத் தள்ளி மூடும். எதுவும் எரியாதபோது வாயை இறுக்கி மூடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வேண்டும். அந்தக் கூடுதல்தான் 21-க்கு மேலே தெரிந்தது, இதை லாக்-அப் என்பார்கள். ஒரு மில்லிபார் சொச்சம் கூட இருந்தால் நல்ல ரெகுலேட்டர். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வாய் சரியாக மூடவில்லை, கழற்ற வேண்டியதுதான். இங்கே ஏறவில்லை, ஒரே இடத்தில் நின்றது.

வீட்டு வால்வை மூடிவிட்டு அப்படியே சில நிமிடம் வைத்துப் பார்த்தோம். தண்ணீர் அசையவில்லை. கசிவும் இல்லை.

வீட்டில் கசிவு இல்லை, ரெகுலேட்டர் மூடுகிறது என்ற இரண்டு சேதிதான் இதுவரை கிடைத்தது. அடுப்புக்குப் போதுமான கேஸ் போகுமா என்று இந்த அளவு சொல்லவே சொல்லாது. கேஸ் ஓடாமல் நிற்கும்போது குழாயின் ஒரு முனையிலும் மறு முனையிலும் அழுத்தம் ஒன்றுதான். நடுவில் ஊசி நுழையும் ஓட்டை மட்டும் இருந்தாலும் அப்படித்தான். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசை கட்டி நின்ற காலம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். லாரியே வராத நேரத்தில் போய்ப் பார்த்தால் அங்கே நெரிசல் என்று யாராவது சொல்வார்களா?

அதற்குள் பையன் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டான். ரெகுலேட்டரின் பக்கவாட்டில் சவ்வு மூச்சு விட ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் மேல் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பால்கனியில் வைத்த மீட்டர் பெட்டிகளில் இது சாதாரணம். அந்தத் துளை முழுக்க அடைபட்டால் சவ்வு சட்டென்று அசைய முடியாது. அடுப்பைத் திறந்ததும் அழுத்தம் விழுந்து மெல்லத்தான் எழும். “இதுதாங்கண்ணா!” என்றான். மண்ணை மெதுவாகச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். கம்பியை உள்ளே விடக்கூடாது, சவ்வு கிழிந்துவிடும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் மூன்று பர்னரையும் எரியவிட்டு மீட்டர் வாயில் அளந்தான், இரண்டு தடவையும் 21.2. மண் துளையை முழுசாக அடைக்கவில்லை. எடுக்க வேண்டிய குப்பைதான், ஆனால் புகாருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சமையலறையில் நின்றவர் சொன்னது

இத்தனை நேரமும் பேசியது பெரியவர்தான். அடுப்பைப் பயன்படுத்துவது அவர் இல்லையே. சமையலறைக்குள் போய் அந்த அம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.

“காலைலன்னா எப்பங்கம்மா கம்மியாகுது? ஆரம்பத்துல இருந்தேவா?”

“இல்லப்பா. அஞ்சரைக்குக் காப்பி போடறப்ப நல்லாத்தான் எரியும். மருமக குளிக்கப் போனான்னா தோசைக்கல்லு காயவே காயாது. அவ வெளிய வந்ததும் மறுபடி சரியாயிரும். நான் இவர்கிட்டச் சொன்னேன், இவர் கீழ் வீட்டுக்காரங்க இழுக்கறாங்கன்னாரு.”

இதற்கு மேல் ஒரு துப்பு வேண்டுமா! இந்தப் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்குச் சமையலறைக்குப் பின்னால் ‘வொர்க் ஏரியா’ உண்டு. மீன் கழுவுவது, தேங்காய் துருவுவது எல்லாம் அங்கேதான். இந்த வீட்டில் அங்கே ஒரு கேஸ் கீசர் மாட்டியிருந்தது, நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தருவது. எங்கள் பதிவில் அந்த வீட்டுக்கு அடுப்பு மட்டும்தான். கீசரைப் பிற்பாடு யாரையோ வைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நல்ல காரியம், குளியலறைக்குள் மாட்டவில்லை. வெளிப் பக்கம் முழுக்கக் கம்பி வலை, காற்றோட்டம் உண்டு. மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. குளியலறையில் மாட்டியிருந்தால் அழுத்தம் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் கழற்றியிருப்போம்.

கணவாய்க் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் கீசர் தானாக அணைந்துவிடுகிறது என்றும் சொன்னார்கள். பெரியவர் அதையும் கேஸ் கணக்கில் சேர்த்திருந்தார். காற்றாலை நிற்கும் ஊர் இது, காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அழுத்தம் குறைந்து தளர்ந்த சுடர்தான் காற்றுக்கு முதலில் அணையும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

எரியவிட்டு அளந்தபோது

அடுப்பு வால்வுக்கும் ரப்பர் டியூபுக்கும் நடுவில் ஒரு டீ, அதாவது ‘T’ வடிவ இணைப்பு, மாட்டி யூ குழாயை அதில் இணைத்தோம். மீட்டர் வாயில் டிஜிட்டல் மீட்டரோடு நான் நின்றேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மாற்றி மாற்றி ஓடி அளந்தால் நடுவில் யாராவது ஒரு பர்னரை மூடியிருப்பார்கள்.

அடுப்பின் மூன்று பர்னரும் முழுதாக எரியும்போது மீட்டர் வாயில் 21.2, சமையலறையில் 20.1. நடுவில் 1.1 போகிறது. சாதாரண வீட்டுக்கு இதுவே கொஞ்சம் அதிகம். பிரிட்டனிலும் வீட்டு அழுத்தம் இதே 21 மில்லிபார்தான், மீட்டர் வாயில் 2 கூடலாம், 2 குறையலாம். மீட்டரிலிருந்து சாதனம் வரை, எல்லாம் ஒன்றாக எரியும்போது, 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக்கூடாது என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே வெறும் அடுப்புக்கே 1.1.

அப்புறம் மருமகள் குளியலறைக் குழாயைத் திறந்தார். கீசர் ‘புஸ்’ என்று பற்றியது. பையன் கையில் இருந்த யூ குழாயில் தண்ணீர் ஒரு நொடி துள்ளிவிட்டு, ஒரு பக்கம் முப்பது மில்லிமீட்டர் சொச்சம் இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏறி நின்றது. 205 இருந்த இடத்தில் 141. அடுப்பில் நீலமாக நிமிர்ந்து நின்ற சுடர்கள் பர்னர் தலையோடு ஒட்டிக்கொண்டன. “அண்ணா, விழுந்துருச்சு!” என்று கத்தினான்.

என் கையில் 20.6. சமையலறையில் விழுந்ததில் பத்தில் ஒரு பங்குதான் இங்கே அசைந்தது.

இந்த இரண்டு எண்ணும் ஒன்றாக வந்ததும் மீட்டருக்கு முந்தைய எல்லாமே குற்றமற்றதாகிவிட்டது. தெருக் குழாய், சர்வீஸ் ரெகுலேட்டர், மாடி ஏறும் குழாய், வாசல் ரெகுலேட்டர், மீட்டர், கீழ் வீட்டுக்காரர்கள், எல்லோரும். எல்லாம் எரியும்போதும் மீட்டர் வாயில் 20.6 இருக்கிறது என்றால் அதற்கு மேல் அந்தப் பக்கம் தேட ஒன்றுமில்லை. சமையலறையில் 13.8. காணாமல் போன 6.8 மில்லிபாரும் வீட்டுக்குள்தான் எங்கேயோ போகிறது.

கணக்கு

இங்கே பையனை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். அவசரமாகக் குழாயைக் கழற்றுவதைவிட இது லாபம்.

மீட்டரில் லிட்டர் ஓடுவதைக் கடிகாரத்தோடு பார்த்தால் எவ்வளவு கேஸ் போகிறது என்று தெரியும். அடுப்பு மட்டும் எரிந்தபோது நிமிடத்துக்கு 10 லிட்டர், மணிக்கு 0.6 கன மீட்டர். கீசர் தன் பெயர்ப்பலகைப்படி அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும், நிமிடத்துக்கு 20. இரண்டும் சேர்ந்து 30 வர வேண்டும். மீட்டர் பெரியதுதான், மணிக்கு 2.5 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் தாங்கும். அந்தப் பக்கம் நெருக்கடி இல்லை.

குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த இழப்பு இரண்டு மடங்காகாது, சுமார் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. அடுப்புக்கு மட்டும் 1.1 போனால் மூன்று மடங்கு ஓட்டத்துக்கு 9.9 போக வேண்டும். அவன் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “9.9 வரணுங்கண்ணா. நமக்கு 6.8 தானே வந்துச்சு?”

நல்ல கேள்வி. மீட்டரைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் எரியும்போது 30 லிட்டர் ஓடவில்லை, 25 தான் ஓடியது. அழுத்தம் இறங்கினால் ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன ஓட்டையுள்ள முனை) வழியாகப் போகும் கேஸும் குறையும், ஓட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்து ஓரிடத்தில் சமாதானமாகும். அந்தச் சமாதானப் புள்ளிதான் 13.8. பத்துக்கு இருபத்தைந்து என்றால் இரண்டரை மடங்கு, அதன் வர்க்கம் ஆறே கால், அதை 1.1-ஆல் பெருக்கினால் 6.9. யூ குழாய் காட்டியது 6.8. அவன் நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

இந்தக் கணக்கில் இன்னொரு சேதி இருக்கிறது. மீட்டரிலிருந்து சமையலறைக்கு நாங்கள் போட்டுக் கொடுத்தது அரை அங்குல ஜிஐ குழாய், எட்டு மீட்டர் இருக்கும். அதன் உள் அளவு 16 மில்லிமீட்டர். அந்தக் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு 1.1 மில்லிபார் போகவே போகாது. அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் நாங்கள் போட்ட குழாய் முழுசாக அங்கே இல்லை.

அலமாரிக்குப் பின்னால்

சமையலறையை மாடுலராக மாற்றியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது, குழாய் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கீழ் அலமாரியின் பின்பலகையைக் கழற்றினால் சுவரில் வந்த ஜிஐ குழாயை அறுத்திருக்கிறார்கள். அடுப்பின் இடம் மாறியதால் நடுவில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாயை வளைத்துக் கொண்டுபோய், அதன் மறு முனையில் ஒரு டீ வைத்து, ஒரு வழி அடுப்புக்கும் ஒரு வழி கீசருக்கும். அந்த மெல்லிய குழாயின் உள் அளவு 6 மில்லிமீட்டர். வீட்டுக்கு வரும் மொத்த கேஸும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

வேலையைக் குறை சொல்ல முடியாது, இணைப்பு ஒன்றில்கூடச் சோப்பு நுரை பொங்கவில்லை. செய்தவர் கசியாமல் செய்யத் தெரிந்தவர். கசிவுக்கும் அளவுக்கும் தொடர்பில்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அலமாரி போட்டு மூடிய இடத்தில் கேஸ் இணைப்புகளை ஒளித்து வைத்தது, எங்களுக்குச் சொல்லாமல் குழாயை அறுத்தது இரண்டும் வேறு கணக்கு. அதை வீட்டுக்காரரிடம் கொஞ்சம் கறாராகவே சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டார், ஆனால் “வேலை சுத்தமாத்தானே இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை.

குழாயின் உள் அளவு குறைந்தால் இழப்பு எகிறும் வேகம் யாரும் நினைப்பதைவிட அதிகம். ஒரே ஓட்டத்துக்கு, தோராயமாக அளவின் ஐந்தாம் அடுக்கில் போகும். பாதியானால் 32 மடங்கு. பதினாறு ஆறானால் நூற்று முப்பது மடங்குக்கு மேல். அந்த ஒன்றரை மீட்டர் மெல்லிய குழாய், அரை அங்குலக் குழாயை 200 மீட்டர் இழுத்ததற்குச் சமம். பையன் இதை நம்பவில்லை, கால்குலேட்டரில் 2.67-ஐ ஐந்து தடவை பெருக்கிப் பார்த்தான். 135 சொச்சம் வந்தது.

அன்றைக்கே மெல்லிய குழாயை எடுத்துவிட்டோம். அடுப்புக்கு அரை அங்குலக் குழாய் புதிய இடம் வரை, அலமாரிக்கு வெளியே தெரியும்படி. கீசருக்கு மீட்டர் பக்கத்திலிருந்தே தனிக் கிளை, தனி வால்வு. அடுப்பின் ரப்பர் டியூபில் அச்சடித்த வருடம் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தது, அதையும் மாற்றினோம். கசிவுச் சோதனை, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றுவது எல்லாம் முடித்துத் திரும்பவும் அதே வரிசையில் அளந்தோம். மூன்று பர்னரும் கீசரும் ஒன்றாக எரியும்போது மீட்டர் வாயில் 20.5, சமையலறையில் 20.0. மீட்டரில் நிமிடத்துக்கு 30 லிட்டர். கீசர் பற்றும்போது யூ குழாயில் தண்ணீர் கொஞ்சம் சிலிர்த்ததோடு சரி.

அந்த அம்மா தோசைக்கல்லைப் போட்டே பார்த்துவிட்டார். எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு கிடைத்தது. சட்னி பிரமாதம்.

கீழ் வீடு

இறங்கி வரும்போது முதல் தளத்து வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். “எங்க அடுப்பும் கம்மியாத்தான் எரியுது சேட்டா, அதையும் ஒண்ணு பாத்துடுங்க.” கேட்டால் காலை, மாலை என்று வித்தியாசம் இல்லை, எப்போதும்தான். மூன்றில் இரண்டு பர்னர் நன்றாக எரிகிறது, ஓரத்துப் பர்னர் மட்டும் சின்னது.

இந்தத் தடவை பையனே ஆரம்பித்தான். மீட்டரிடம் போகவில்லை, நேராக அடுப்பு வால்வில் டீயை மாட்டினான். மூன்றும் எரியும்போது 20.4. ஒரு பர்னர் மட்டும் வாடுகிறது, மற்றவை நன்றாக எரிகின்றன, அழுத்தமும் முழுசாக இருக்கிறது. அப்படியானால் குழாயில் தேட ஒன்றுமில்லை.

எல்பிஜி அடுப்பு 30 மில்லிபாருக்குச் செய்தது, எல்பிஜி ஆவியில் ஒரு கன மீட்டருக்கு இயற்கை எரிவாயுவைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பம். அதே அடுப்பைக் குழாய் கேஸில் எரிக்க வேண்டுமானால் ஜெட்டின் ஓட்டை பெரிதாக வேண்டும். இணைப்புக் கொடுக்கும்போது மாற்ற வேண்டிய மூன்று ஜெட்டில் ஒன்று மாறாமல் விட்டுப்போயிருந்தது. கழற்றி இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், பழையதன் ஓட்டை கண்ணுக்கே சின்னதாகத் தெரிந்தது. புதியதைப் போட்டு, காற்று வரும் தகட்டைத் திருப்பிச் சுடரின் மஞ்சள் நுனி போகும் வரை சரிசெய்தான். அட்டையில் காரணம் என்ற இடத்தில் ‘ஜெட்’ என்றும், அழுத்தம் என்ற இடத்தில் ‘எரியும்போது 20.4’ என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினான்.